லண்டன் ஆடிட்டர், கல்லுப்பட்டிவாசி: ரெண்டு முறை ஊர் திரும்பிய ஜே.சி.குமரப்பா!

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுல மதுரை பஸ்ஸுக்காக நிற்கும்போது, சுத்தி இருக்கிற சுவர்களைக் கொஞ்சம் கவனிச்சுப் பாருங்க. பிரியாணிக் கடை விளம்பரத்துக்கும் நகைக்கடை விளம்பரத்துக்கும் நடுவுல ஐ.இ.எல்.டி.எஸ் கோச்சிங், ஜெர்மன் மொழி வகுப்பு, ஸ்டூடன்ட் விசான்னு போஸ்டர்கள் ஒட்டியிருக்கும். உங்க காலேஜ் வாட்ஸ்அப் குரூப்பிலும் மாசத்துக்கு ஒரு ஏர்போர்ட் செல்ஃபி வரத்தான் செய்யும். சின்னாளபட்டியைச் சேர்ந்த என் நண்பன் ஒருத்தன் நாலு வருஷம் முன்னாடி அப்படித்தான் கிளம்பினான். இப்போ அவனுக்கு ஒரே குழப்பம். அங்கேயே இருந்துடலாமா, ஊருக்குத் திரும்பலாமா? ராத்திரி ரெண்டு மணிக்கு வாய்ஸ் நோட் அனுப்புறான்.

அவனுக்கு நான் பதில் சொல்லலை. பதிலுக்கு ஒருத்தரோட கதையைச் சொன்னேன். அதையே உங்களுக்கும் சொல்றேன்.

நீங்க ஏறப்போற அதே மதுரை பஸ், சின்னாளபட்டி பக்கத்துல காந்திகிராமத்தைத் தாண்டித்தான் போகும். டாக்டர் சௌந்தரமும் ஜி.ராமச்சந்திரனும் 1947-ல் தொடங்கிய இடம் அது. காதி, சித்த மருந்து, கிராமக் கல்வின்னு இன்னைக்கும் இயங்கிக்கிட்டு இருக்கு. ஒரு கிராமம் தன் கையில் இருப்பதை வைத்தே நிமிர்ந்து நிற்க முடியும் என்ற நம்பிக்கையில் எழுந்த இடம். அந்த நம்பிக்கைக்குக் கணக்குப் போட்டுக் காட்டிய ஒரு மனிதர், கடைசிக் காலத்தில் இதே தடத்தில் இன்னும் கொஞ்சம் தெற்கே வாழ்ந்தார். மதுரையில் இறங்கி, திருமங்கலம் வழியா ராஜபாளையம் போகும் பஸ்ஸைப் பிடிச்சா, நடுவுல டி.கல்லுப்பட்டி வரும். அங்கே இருக்கும் காந்தி நிகேதன் ஆசிரமம்தான் அவருடைய கடைசி முகவரி. அவர் பெயர் ஜே.சி.குமரப்பா.

காந்தியப் பொருளாதார நிபுணர் என்று பாடப்புத்தகத்தில் ஒரு வரி படிச்சிருப்பீங்க. கதர் சட்டை, கண்ணாடி, சீரியஸான முகம்னு ஒரு உருவம் மனசுல வந்திருக்கும். ஆனா, 37 வயசு வரைக்கும் அவர் அப்படி இல்லவே இல்லை.

முதல் பயணம்: கப்பலேறிய கொர்னேலியஸ்

1892 ஜனவரி 4-ம் தேதி தஞ்சாவூரில் பிறந்தவர். வசதியான கிறிஸ்தவக் குடும்பம். அப்பா பொதுப்பணித்துறையில் அதிகாரி. வீட்டில் வைத்த பெயர் ஜோசப் செல்லதுரை கொர்னேலியஸ். பெயரிலேயே தெரியும், அந்தக் காலத்து ஆங்கிலப் பாணியில் வளர்ந்த வீடு.

20 வயசைத் தாண்டியதுமே லண்டன். முதல் உலகப்போர் தொடங்குவதற்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்துவிட்டார். படித்தது கணக்குத் தணிக்கை. நம்ம ஊர் பாஷையில் சொன்னா, ஆடிட்டர் படிப்பு. படிச்சு முடிச்சு அங்கேயே வேலையும் பார்த்தார். போர் நடந்த அந்த வருடங்களில் லண்டனில் இருந்த ஓர் இந்திய இளைஞரை நினைச்சுப் பாருங்க. வீட்டுக்குப் பேச போன் கிடையாது. கடிதம் கப்பலில் வந்து சேரவே வாரக்கணக்கில் ஆகும். நாம வீடியோ கால்ல அம்மாவோட முகத்தைப் பார்த்துக்கிட்டே ஊர் ஞாபகத்தில் அழுறோம். அவருக்கு அந்த வசதியும் இல்லை.

ஆனாலும் அவருக்கு அந்த ஊர் பிடிச்சுப்போச்சு. உடை, பழக்கம், பேச்சு எல்லாமே ஆங்கிலேயப் பாணிக்கு மாறியது. அங்கேயே தங்கிவிடுவார் என்ற நிலை. 1919-ல் அம்மா வற்புறுத்தி அழைத்ததால்தான் ஊர் திரும்பினார்.

இந்த முதல் திரும்பலை நல்லா கவனிங்க. திரும்பி வந்தார், ஆனா எதுவும் மாறலை. பம்பாயில் ஒரு வெள்ளைக்கார நிறுவனத்தில் வேலை. பிறகு 1920-களில் பங்குதாரரோடு சேர்ந்து சொந்தமாக ஒரு தணிக்கை நிறுவனம். கோட், சூட், பெரிய மனிதர்களின் சகவாசம், நல்ல வருமானம். லண்டனில் வாழ்ந்த அதே வாழ்க்கையை அப்படியே பெயர்த்து எடுத்து பம்பாயில் வைத்துக்கொண்டார். பாஸ்போர்ட்டில் அது ஊர் திரும்பல்தான். ஆனா மனிதர் இன்னும் வந்து சேரலை.

நம்மில் பலருக்கும் இது தெரிஞ்ச விஷயம்தான். வெளிநாட்டிலிருந்து வந்து சென்னையிலோ பெங்களூரிலோ ஒரு கேட்டட் கம்யூனிட்டிக்குள் அதே வாழ்க்கையைத் தொடர்கிற அண்ணன்கள், அக்காக்கள் எல்லார் வீட்டிலும் இருக்காங்க. அதில் தப்பேதும் இல்லை. குமரப்பாவும் அப்போ அதைத் தப்பா நினைக்கலை.

இரண்டாவது பயணம்: ஒரு கேள்வி

1927-ல் அமெரிக்காவுக்குப் போனார். வயசு 35. ஓய்வுக்காகப் போனவர், சும்மா இருக்கப் பிடிக்காமல் சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அடுத்த ஆண்டே வணிக நிர்வாகத்தில் பட்டம். ஏற்கெனவே ஆடிட்டராகச் சம்பாதித்தவர், தன்னைவிட பத்து, பதினைந்து வயது சின்னப் பசங்களோடு வகுப்பில் உட்கார்ந்து படித்திருக்கிறார். 30 வயசுக்கு மேல இனி என்ன படிக்கிறதுன்னு தயங்குறவங்க இதைக் குறிச்சு வெச்சுக்கலாம்.

அடுத்து நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகம். படித்தது பொதுநிதி. ஓர் அரசு எப்படி வரி வசூலிக்கிறது, அதை எதற்குச் செலவழிக்கிறது என்று ஆராயும் படிப்பு. பேராசிரியர் இ.ஆர்.ஏ.செலிக்மன், அந்தத் துறையில் உலகப் புகழ்பெற்றவர். அம்பேத்கரும் அதே கொலம்பியாவில் அதே செலிக்மனிடம்தான் சில வருடங்களுக்கு முன்பு படித்திருந்தார்.

அங்கேதான் திருப்பம். இந்தியா ஏன் ஏழையாக இருக்கிறது என்ற தலைப்பில் ஒரு தேவாலயத்தில் குமரப்பா பேசினார். அந்தப் பேச்சு செய்தித்தாளில் வந்தது. அதைப் பார்த்த செலிக்மன், ஆய்வுக்கட்டுரையையும் அதே விஷயத்தில் எழுதச் சொல்லிவிட்டார்.

ஓர் ஆடிட்டரிடம் இந்தக் கேள்வியைக் கொடுத்தால் என்ன செய்வார்? கோஷம் போட மாட்டார், கணக்கைத்தான் எடுத்துப் பார்ப்பார். குமரப்பாவும் இந்தியாவின் வரவு செலவுக் கணக்குகளை எடுத்துவைத்து, ஒரு கம்பெனியின் பேரேட்டைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். விவசாயியிடமிருந்து வரி வருகிறது. அது எங்கே போகிறது? ராணுவத்துக்கும், ஆங்கில நிர்வாகத்துக்கும், இந்தியா கேட்காமலேயே இந்தியாவின் தலையில் கட்டப்பட்ட கடனுக்கான வட்டிக்கும் பெரும்பங்கு போகிறது. கொடுத்தவனுக்குத் திரும்பி வருவது ரொம்பக் கொஞ்சம்.

இத்தனை வருடம் பம்பாயில் பணக்கார கம்பெனிகளின் கணக்கைச் சரிபார்த்தவர், முதல்முறையாகத் தன் சொந்த நாட்டின் கணக்கைச் சரிபார்க்கிறார். அதுவும் நியூயார்க்கில் உட்கார்ந்துகொண்டு. ஊரில் இருந்தபோது கண்ணில் படாத ஊர், ஏழு கடல் தாண்டிய பிறகு தெரிந்தது. வெளிநாடு அவருக்குக் கொடுத்ததிலேயே பெரியது எனக்கு இதுதான் என்று தோணுது. பட்டங்கள் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

மரத்தடியில் ஒரு பெரியவர்

1929-ல் மறுபடியும் ஊர் திரும்பினார். கையில் அந்த ஆய்வுக்கட்டுரை. இந்தியாவில் அதை வெளியிட வேண்டும். காந்தியிடம் காட்டிப் பாருங்கள் என்று யாரோ சொல்ல, சபர்மதிக்கு வரும்படி அழைப்பு வந்தது. தேதி மே 9, 1929. நேரம் பிற்பகல் இரண்டரை.

அவர் ஆசிரமத்துக்கு வந்தது முழு ஐரோப்பிய உடையில், கையில் வாக்கிங் ஸ்டிக்கோடு. தங்கக் கொடுத்த அறையில் ஒரு நாற்காலிகூட இல்லை, கயிற்றுக்கட்டில் மட்டும்தான். அதிலேயே மனிதருக்கு முகம் சுருங்கிவிட்டது. நேரம் இருக்கிறதே என்று ஆற்றங்கரைப் பக்கம் நடந்தார். வழியில் ஒரு மரத்தடியில், சாணம் மெழுகிய தரையில் உட்கார்ந்து ஒரு பெரியவர் ராட்டை சுற்றிக்கொண்டிருந்தார். குமரப்பா ராட்டையை அதற்குமுன் பார்த்ததே இல்லை. ஊன்றுகோலில் சாய்ந்தபடி நின்று வேடிக்கை பார்த்தார். சில நிமிடம் கழித்து அந்தப் பெரியவர் நிமிர்ந்து பார்த்து, நீங்கள்தானா அவர் என்று கேட்டார். அப்போதுதான் உறைத்தது, இவர்தான் காந்தி என்று.

இஸ்திரி போட்ட பேன்ட்டோடு அப்படியே தரையில் உட்கார்ந்தார் குமரப்பா. யாரோ ஒருவர் ஓடிப்போய் நாற்காலி கொண்டுவந்தார். அவர் எழுந்திருக்கவில்லை. கீழேயே உட்கார்ந்து பேசினார்.

பெரிய அற்புதம் எதுவும் நடக்கலை. ஒரு மனிதர் தரையில் உட்கார்ந்தார், அவ்வளவுதான். ஆனா, 1919-ல் கப்பலை விட்டு இறங்கிய கொர்னேலியஸ் நிஜமாகவே ஊர் வந்து சேர்ந்தது அந்தப் பிற்பகலில்தான் என்று நான் நினைக்கிறேன்.

ஆய்வுக்கட்டுரையை யங் இந்தியா இதழில் தொடராக வெளியிட காந்தி சம்மதித்தார். கூடவே ஒரு வேலையும் கொடுத்தார். குஜராத்தில் மாதர் தாலுகா கிராமங்களில் மக்கள் உண்மையில் எப்படி வாழ்கிறார்கள் என்று கணக்கெடுக்க வேண்டும். குமரப்பாவுக்கு குஜராத்தி ஒரு வார்த்தை தெரியாது. குஜராத் வித்யாபீட மாணவர்களைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். வீடு வீடாக வரவென்ன, செலவென்ன, கடனென்ன என்று எழுதினார்கள். நியூயார்க் நூலகத்தில் எண்ணாகப் பார்த்த வறுமையை இப்போது முகமாகப் பார்த்தார்.

இந்தக் காலத்தில்தான் கொர்னேலியஸ், தன் குடும்பத்தின் பழைய பெயரான குமரப்பாவுக்கு மாறினார். மதத்தை மாற்றவில்லை. கடைசிவரை கிறிஸ்தவராகவே இருந்தார். ஏசுவின் போதனை பற்றிப் புத்தகமே எழுதினார். வெளிநாட்டில் படித்துத் திரும்பிய அவருடைய தம்பி பரதன் குமரப்பாவும் பின்னாளில் இதே பாதைக்கு வந்துசேர்ந்தார்.

ஆடிட்டர் மாறவே இல்லை

இப்படிக் கதை சொன்னதும், ஆகா, எல்லாத்தையும் தூக்கிப்போட்டுட்டு வந்துட்டார் என்று நினைச்சிடாதீங்க. வருமானத்தை விட்டார், சூட்டை விட்டார். ஆனா படிச்ச படிப்பை விடவே இல்லை. இதுதான் அவர் கதையில் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம்.

1934 ஜனவரியில் பீகாரில் பெரும் நிலநடுக்கம். நாடெங்கும் இருந்து நிவாரண நிதி குவிந்தது. ராஜேந்திர பிரசாத் தலைமையில் பணிகள் நடக்க, கணக்கைக் கவனிக்க வந்தவர் குமரப்பா. ஒவ்வொரு பைசாவுக்கும் ரசீது. காந்தியும் அவருடன் இருந்தவர்களும் வந்தபோது, அவர்கள் செலவை நிவாரண நிதியில் எழுத முடியாது என்று மறுத்துவிட்டார். மக்கள் கொடுத்தது பாதிக்கப்பட்டவர்களுக்காக, தலைவர்களின் சாப்பாட்டுக்காக அல்ல என்பது அவர் கணக்கு. காந்தி கோபப்படவில்லை. அதே வருட இறுதியில் அகில இந்திய கிராமத் தொழில்கள் சங்கம் தொடங்கப்பட்டபோது, அதை நடத்தும் பொறுப்பு குமரப்பாவிடம்தான் வந்தது.

வார்தாவின் மகன்வாடியில் அதன் தலைமையிடம். செக்கு எண்ணெய், கைக்குத்தல் அரிசி, தேனீ வளர்ப்பு, கைக்காகிதம், பனைவெல்லம்... இன்னைக்கு ஆர்கானிக் கடையில் ரெண்டு மடங்கு விலை கொடுத்து நாம வாங்குற ஐட்டங்கள் எல்லாம் 90 வருஷம் முன்னாடி அங்கே ஆராய்ச்சிப் பொருள். மண்ணெண்ணெய்க்குப் பதிலாக நம்ம ஊர்த் தாவர எண்ணெயில் எரியும் மகன் தீபம் என்ற விளக்கைக்கூட அங்கே உருவாக்கினார்கள்.

சுதந்திரப் போராட்டத்தில் பலமுறை சிறை. ஜபல்பூர் சிறையில் இருந்தபோது எழுதிய 'எகானமி ஆஃப் பெர்மனென்ஸ்' அவருடைய முக்கியமான புத்தகம். நிலைத்த பொருளாதாரம் என்று தமிழில் சொல்லலாம். 1973-ல் ஷூமாக்கர் எழுதி உலகப் புகழ்பெற்ற 'ஸ்மால் இஸ் பியூட்டிஃபுல்' புத்தகத்திலும் குமரப்பா மேற்கோள் காட்டப்பட்டிருக்கிறார்.

திண்டுக்கல்லுக்கு அவர் கணக்கு

புத்தகத்தின் சாரத்தை நம்ம ஊரை வெச்சே புரிஞ்சுக்கலாம். இயற்கையில் ரெண்டு வகைச் செல்வம் உண்டு என்கிறார். ஒன்று ஓடிவருவது. ஆறு, காடு, விளைச்சல் மாதிரி, பார்த்துப் பயன்படுத்தினால் மறுபடி மறுபடி வரும். இன்னொன்று தேங்கிக்கிடப்பது. நிலக்கரி, பெட்ரோல் மாதிரி, எடுக்க எடுக்கத் தீரும். தீர்ந்துபோவதை வைத்துக் கட்டிய வாழ்க்கை சண்டையில்தான் முடியும், ஓடிவருவதை வைத்துக் கட்டியது நிலைக்கும் என்பது அவர் முடிவு.

திண்டுக்கல் தோல் தொழிலை எடுத்துக்குங்க. பல குடும்பங்களுக்குச் சோறு போட்ட தொழில். ஏற்றுமதி வருமானம் பேரேட்டில் வரவாக ஏறியது. ஆனா சுற்றுவட்டார கிராமங்களில் கிணற்றுத் தண்ணீர் உப்பேறி, வயலுக்கும் ஆகாமல் வாய்க்கும் ஆகாமல் போனதே, அது எந்தப் பக்கம் ஏறியது? எங்கேயும் ஏறலை. குமரப்பா கேட்கச் சொன்னது அந்த விடுபட்ட வரியைத்தான். விலைச்சீட்டில் எழுதாத செலவை யாரோ ஒருத்தர் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்.

இன்னொரு பக்கம் திண்டுக்கல் பூட்டு. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கியது. கையால் செய்யும் அந்தப் பூட்டு, மெஷினில் வரும் விலைகுறைந்த பூட்டோடு போட்டிபோட முடியாமல் திணறுகிறது. சின்னாளபட்டிச் சேலைக்கும் கிட்டத்தட்ட அதே நெருக்கடி. விலையை மட்டும் பார்க்காதே, நீ கொடுக்கும் பணம் யார் வீட்டு அடுப்பை எரிக்கிறது என்றும் பார் என்பது குமரப்பாவின் பாடம். அடுத்தமுறை ஆப்பில் ஆர்டர் போடும்போது ஒரு நொடி ஞாபகம் வந்தால் போதும்.

தோற்றவரா?

உண்மையையும் சொல்லிடணும். நாடு அவர் வழியில் போகவில்லை. சுதந்திரத்துக்குப் பிறகு காங்கிரஸ் நிலச் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைவராக இருந்து 1949-ல் அறிக்கை கொடுத்தார். உழுபவருக்கே நிலம் என்பது அதன் அடிநாதம். ஆனா நடைமுறையில் அது பெரும்பாலும் காகிதத்திலேயே நின்றது. பெரிய அணை, பெரிய ஆலை என்று நாடு வேறு பாதையில் போனது. தன் பழைய தோழர்கள் அமைச்சர்களாக இருந்தபோதும், அவர்களைத் தயவுதாட்சண்யம் இல்லாமல் விமர்சித்தார். சட்டென்று கோபம் வரும் மனிதர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ரத்த அழுத்தம் வேறு வாட்டியது.

1950-களில் உடல்நிலை மோசமானபோது, தமிழ்நாட்டுக்கே திரும்பி டி.கல்லுப்பட்டி வந்தார். லண்டன், பம்பாய், நியூயார்க், வார்தா என்று சுற்றியவரின் கடைசி ஊர், மதுரை மாவட்டத்தின் ஒரு கரிசல் கிராமம். அங்கிருந்தும் எழுதினார், வந்தவர்களோடு விவாதித்தார். 1960 ஜனவரி 30-ம் தேதி இறந்தார். காந்தி இறந்த அதே தேதி.

அவர் தோற்றாரா? கேள்வியை உங்களிடமே விட்டுடறேன். கிணற்றில் தண்ணீர் இல்லாத ஊரில் நின்று யோசிச்சா ஒரு பதில் வரும். புது கார் சாவியைக் கையில் வெச்சுக்கிட்டு யோசிச்சா வேறு பதில் வரும்.

என் நண்பனுக்கு இந்தக் கதையைச் சொன்னதும் அவன் முதலில் கேட்டது, அப்போ என்னை வேலையை விட்டுட்டு வரச் சொல்றியா என்றுதான். இல்லை. குமரப்பாவே வெளிநாட்டை வெறுத்தவர் இல்லை. 60 வயசை நெருங்கும்போதுகூட சீனாவுக்கும் ஜப்பானுக்கும் போய், அங்கே கிராமங்கள் எப்படி இயங்குகின்றன என்று பார்த்துவந்தவர். அவர் முதல்முறை திரும்பியது அம்மாவுக்காக. ரெண்டாவது முறை திரும்பியது, பதில் கிடைக்காத ஒரு கேள்விக்காக. முதல்முறை கொண்டுவந்த படிப்பு அவரைப் பணக்காரர் ஆக்கியது. அதே படிப்பை அந்தக் கேள்வியோடு சேர்த்துக் கொண்டுவந்தபோதுதான் அது ஊருக்குப் பயன்பட்டது.

அதனால, நீங்க போறதா இருந்தா தாராளமா போங்க. நல்லா படிங்க, சம்பாதிங்க. எப்பவாவது அங்கே உட்கார்ந்து நம்ம ஊரை நினைக்கும்போது பிரியாணியும் சிறுமலைப் பழமும் மட்டும் ஞாபகம் வந்தா, அது ஊர் ஏக்கம். நம்ம ஊர்க் கிணறு ஏன் இப்படி ஆச்சு, பூட்டு செய்யும் அந்த அண்ணன் இப்போ என்ன செய்றார்னு ஒரு கேள்வி வந்தா, அதை எழுதி வெச்சுக்குங்க. திரும்பி வர்றப்போ பெட்டியில் அதுக்கு இடம் விடுங்க, எடைக்கணக்கில் வராது.

அவன் அந்த வாய்ஸ் நோட்டைக் கேட்டுட்டான். ப்ளூ டிக் வந்துடுச்சு. பதில் இன்னும் வரலை. அவசரமில்லை, குமரப்பாவுக்கே பத்து வருஷம் ஆச்சே!